மடை திறப்பும் கரை உடைப்பும்

மேல்வயிற்றில் தொடங்கி முதுகைத் துளைத்துக்கொண்டு போகும் வலியோடு ஒருவர் அவசரப் பிரிவுக்கு வருகிறார். ரத்தப் பரிசோதனையில் கணைய நொதிகளான அமைலேஸும் லைப்பேஸும் எக்கச்சக்கமாக ஏறியிருக்கின்றன. ஸ்கேன் எடுக்கிறார்கள். கணைய அழற்சி. வெளியே காத்திருக்கும் வீட்டாருக்கு ஒரு விளக்கம் வந்து சேர்கிறது: “கணையம் அளவுக்கு மீறிச் சுரந்துவிட்டது. சுரந்த நீர் கணையத்தையே அரித்துவிட்டது. அதை அடங்க வைக்க வேண்டும். பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள்.” கேட்டவர்களுக்குச் சட்டென்று விளங்கிவிடுகிறது. குடித்தார், தின்றார், சுரந்தது, அரித்தது. கதை முடிந்தது.

வகுப்பறையிலும் இந்தக் கதைக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. கரும்பலகையில் வரிசையாக நான்கு அம்புக்குறிகள். உணவு குடலுக்குள் இறங்குகிறது, ஹார்மோன் புறப்பட்டுக் கணையச் செல்லின் ஏற்பியில் போய் ஒட்டுகிறது, செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறது, நொதி சுரக்கிறது. படத்தில் பிழை ஏதுமில்லை. ஆனால் அதைப் பார்த்து எழுதிக்கொள்ளும் மாணவர், படத்தில் இல்லாத ஐந்தாவது வரியைத் தன் மனத்தில் சேர்த்துக்கொள்கிறார்: கால்சியம் கூடினால் சுரப்பும் கூடும். பிறகு ஆறாவது வரி தானாக வருகிறது: அளவுக்கு மீறிக் கூடினால் அளவுக்கு மீறிச் சுரக்கும், அதுதான் நோய்.

அந்த ஐந்தாவது வரியையும் ஆறாவது வரியையும் மறுக்கவே இதை எழுதுகிறேன். கணையச் செல்லில் கால்சியம் கட்டுமீறி ஏறும்போது சுரப்பு பெருகுவதில்லை. குறைகிறது, பிறகு நின்றுபோகிறது. கடும் கணைய அழற்சி, அதிகம் சுரந்த செல்லின் நோயாக இருப்பதைவிட, சுரக்க முடியாமல் போன செல்லின் நோயாகவே இருக்கிறது. இது சொற்களைப் பற்றிய சண்டை இல்லை. முதல் கருத்தை நம்பித்தான் பல பத்தாண்டுகள் நோயாளிகளைப் பட்டினி போட்டோம். சுரப்பை அடக்கும் மருந்துகளை ஏற்றினோம். அவை ஏன் பலிக்கவில்லை என்பதற்கான விடை, செல்லுக்குள் கால்சியம் நடந்துகொள்ளும் விதத்தில் இருக்கிறது.

பழைய கருத்து வானத்திலிருந்து குதித்ததல்ல. அதை உருவாக்கியவர்கள் தங்கள் காலத்துக் கருவிகளால் பார்க்க முடிந்ததை நேர்மையாகப் பார்த்தவர்கள். 1896இல் பிராக் நகரில் ஹான்ஸ் கியாரி, பிணக்கூறாய்வில் கணையம் தன்னைத்தானே செரித்துக்கொண்டிருந்த அடையாளங்களைக் கண்டு எழுதினார். 1901இல் பால்டிமோரில் யூஜீன் ஓபி, பித்தநாளமும் கணையநாளமும் குடலில் திறக்கும் வாயில் சிக்கிய பித்தக்கல்லுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டினார். புரதத்தைக் கரைக்கும் நொதியைச் சுமந்துகொண்டிருக்கும் உறுப்பு, வழி அடைபட்டதும் தன் நொதியாலேயே கரைகிறது என்ற முடிவுக்கு வருவது அன்று இயல்பு. பேலிஸும் ஸ்டார்லிங்கும் 1902இல் சீக்ரெட்டின் ஹார்மோனைக் கண்டறிந்தார்கள். செரிமான ஆய்வுக்காகப் பாவ்லோவ் 1904இல் நோபல் பரிசு பெற்றார். கணையம் என்றாலே சுரப்பு, சுரப்பு என்றாலே தூண்டல் என்று அந்தத் தலைமுறை சிந்தித்தது.

கால்சியத்தின் கதையும் இப்படித்தான் வளர்ந்தது. லண்டனில் சிட்னி ரிங்கர் 1880களின் தொடக்கத்தில் தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்க வைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கரைசல் குழாய்த் தண்ணீரில் தயாரானது என்பதும், காய்ச்சி வடித்த நீரில் அதே உப்பைக் கரைத்தால் இதயம் நின்றுவிடுகிறது என்பதும் பிறகுதான் தெரிந்தது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியமே இதயத்தைத் துடிக்க வைத்திருந்தது. எலும்புக்கும் பல்லுக்கும் மட்டும் உரியதாகக் கருதப்பட்ட பொருள், உயிருள்ள திசு வேலை செய்யவும் வேண்டும் என்று அன்று தெரிந்தது. 1966இல் லோவெல் ஹோக்கின், புறாவின் கணையத் துண்டுகளைக் கால்சியம் இல்லாத கரைசலில் வைத்தால் நொதிச் சுரப்பு தளர்ந்துவிடுகிறது என்று காட்டினார். 1983இல் ஸ்ட்ரெப், இர்வின், பெரிட்ஜ், ஷூல்ஸ் ஆகிய நால்வரும் எலியின் கணையச் செல்களில் ஒரு சோதனை செய்தார்கள். ஐபி3 என்ற சிறு மூலக்கூறு, செல்லுக்குள் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் கால்சியத்தை வெளியே விடுகிறது என்று அதில் உறுதியானது. மூளை முதல் கருமுட்டை வரை எத்தனையோ செல்களுக்குப் பொருந்தும் ஓர் உண்மை, கணையச் செல்லில்தான் முதலில் பிடிபட்டது.

ஆக, கால்சியம் ஏறாமல் நொதி சுரக்காது என்பது மெய்ப்பிக்கப்பட்டது. ஆனால் “கால்சியம் வேண்டும்” என்பதிலிருந்து “கால்சியம் கூடக் கூட நல்லது” என்பதற்குத் தாவ எந்தச் சோதனையும் அனுமதி தரவில்லை. அந்தத் தாவலைச் செய்தவர்கள் நாம்.

இனி, அந்தச் செல்லை அருகில் போய்ப் பார்ப்போம். கணையம் என்றதும் நம்மில் பலருக்கு இன்சுலினும் சர்க்கரை நோயும்தான் நினைவுக்கு வரும். இன்சுலினைத் தரும் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் கணையத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். மீதியில் பெரும்பகுதி, செரிமான நொதிகளைத் தயாரிக்கும் அசைனார் செல்கள். ஒவ்வொன்றும் கூம்பு வடிவம். அகன்ற அடிப்பகுதியில் உட்கருவும், புரதம் தயாராகும் எண்டோபிளாச வலைப்பின்னலும் அடைத்துக்கொண்டிருக்கும். குறுகிய மேல்முனை நாளத்தைப் பார்த்திருக்கும். அந்த முனையில் சைமோஜன் துகள்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். துகள் ஒன்றின் விட்டம் ஏறக்குறைய ஒரு மைக்ரான். டிரிப்சின் போன்ற நொதிகள் அதற்குள் வேலை செய்யாத முன்வடிவில் உறங்குகின்றன. குடலுக்குள் போனபின்தான் அவை விழிக்க வேண்டும்.

இந்தச் செல்லின் உள்ளே, ஓய்வு நேரத்தில், கட்டற்ற கால்சியத்தின் அளவு லிட்டருக்கு ஏறக்குறைய 100 நானோமோல். வெளியே அதைச் சூழ்ந்த திரவத்தில் ஒரு மில்லிமோலுக்கும் சற்று மேல். பத்தாயிரம் மடங்கு வேறுபாடு. செல்லின் ஒவ்வொரு நிமிட வாழ்வும் அந்தக் கால்சியத்தை வெளியே நிறுத்தி வைக்கும் உழைப்பில் கழிகிறது.

1985இல் ரோஜர் சியன் ஆய்வகம் ஃபூரா-2 என்ற சாயத்தை உருவாக்கித் தந்தது. கால்சியத்தோடு சேர்ந்ததும் இதன் ஒளிரும் தன்மை மாறும். இதை ஏற்றிய ஓர் அசைனார் செல்லை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, உணவுக்குப் பின் உடலில் இருக்கும் அளவுக்கு மிகக் குறைந்த தூண்டலைக் கொடுத்தால் திரையில் என்ன தெரியும்? செல் முழுதும் ஒளிராது. துகள்கள் நிற்கும் அந்தக் குறுகிய மேல்முனையில் மட்டும் ஒரு பொறி தோன்றும். சில விநாடிகளில் அணையும். சற்று இடைவெளி. மறுபடியும் அதே இடத்தில் ஒரு பொறி, அணையும். உட்கரு இருக்கும் அகன்ற பகுதி இருண்டே கிடக்கும். கால்சியம் ஏற்றம் மேல்முனையிலேயே தொடங்குகிறது என்று 1990இல் கசாயும் அகஸ்டினும் எழுதினார்கள். பொறி அங்கேயே தோன்றி அங்கேயே அணைவதை 1993இல் லிவர்பூலில் ஓலே பீட்டர்சன் குழுவினர் விரிவாகக் காட்டினார்கள்.

பொறி ஏன் பரவுவதில்லை? 1999இல் அதே லிவர்பூல் ஆய்வாளர்கள் விடை சொன்னார்கள். துகள்கள் நிறைந்த மேல்முனையைச் சுற்றி மைட்டோகாண்ட்ரியாக்கள் ஒட்டியாணம்போல அணிவகுத்து நிற்கின்றன. தாண்டிப் போக முயலும் கால்சியத்தை அவை உறிஞ்சிக்கொள்கின்றன. அவற்றின் உறிஞ்சலை மருந்தால் தடுத்துவிட்டால், மேல்முனையோடு நின்றிருக்க வேண்டிய பொறி செல் முழுதும் தீயாகப் பரவுகிறது. இன்னொன்றும் அந்த ஒட்டியாணம் செய்கிறது. உறிஞ்சிய கால்சியத்தால் உந்தப்பட்டு, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியை அதிகமாகத் தயாரிக்கிறது. செலவு நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வருமானமும் பிறக்கிறது.

அந்த ஏடிபி யாருக்கு வேண்டும்? பொறியை அணைப்பவர்களுக்கு. வெளியே வந்த கால்சியத்தைச் சேமிப்புக்குத் திருப்பும் இறைப்பான், ஒரு ஏடிபியைச் செலவழித்து இரண்டு அயனிகளை இறைக்கிறது. செல்லுக்கு வெளியே தள்ளும் இறைப்பான் ஒவ்வோர் அயனிக்கும் ஒரு ஏடிபி கேட்கிறது. கால்சியம் ஏறுவதற்குக் கதவு திறந்தால் போதும். பத்தாயிரம் மடங்கு சரிவு இருக்கிறது, தானே பாயும். இறங்குவதற்குத்தான் கூலி கொடுக்க வேண்டும். கரும்பலகைப் படத்தில் இந்தக் கூலி எங்குமே இல்லை. ஏற்றத்துக்கு அம்புக்குறி போட்டோம், இறக்கத்துக்குப் போடவில்லை. நோய் பிறப்பது அந்த விடுபட்ட அம்புக்குறியில்தான்.

ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. மடை திறந்தாலும் தண்ணீர் வருகிறது, கரை உடைந்தாலும் தண்ணீர் வருகிறது. ஒன்று பயிரை வளர்க்கிறது, மற்றது பயிரோடு மண்ணையும் வாரிக்கொண்டு போகிறது. உடைப்பெடுத்த கரையைப் பார்த்து “மடை கொஞ்சம் அதிகமாகத் திறந்துவிட்டது” என்று எந்த விவசாயியும் சொல்லமாட்டார். தண்ணீர் ஒன்றுதான். எங்கே, எவ்வளவு நேரம், யார் மூடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதைச் சோதனையால் நிரூபித்துத் தந்தது ஒரு தவளை. ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளையின் தோலிலிருந்து 1960களில் இத்தாலிய அறிஞர் விட்டோரியோ எர்ஸ்பாமர் குழுவினர் செருலியின் என்ற சிறு புரதத் துணுக்கைப் பிரித்தெடுத்தார்கள். நம் குடலில் சுரக்கும் கோலிசிஸ்டோகைனின் ஹார்மோனின் வேலையை இது அப்படியே செய்யும். இதைக் கணையச் செல்களுக்குச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்து, வெளிவரும் அமைலேஸை அளந்தால், வரைபடம் முதலில் ஏறுகிறது. ஓர் உச்சியைத் தொடுகிறது. அதற்கு மேலும் செருலியினைக் கூட்டினால் கோடு மட்டமாகக்கூட நிற்பதில்லை; கீழே இறங்குகிறது. தூண்டலை அதிகரிக்க அதிகரிக்கச் சுரப்பு குறைகிறது. பழைய கருத்து உண்மையானால் இந்த இறக்கம் இருக்கவே முடியாது.

செல்லுக்குள் அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்பதையும் சாயம் காட்டுகிறது. குறைந்த அளவில் மேல்முனைப் பொறிகள். உச்சிக்கு அப்பால் பொறிகள் மறைந்து, செல் முழுதும் கால்சியம் ஏறி, இறங்காமல் நின்றுவிடுகிறது. துகள்கள் வெளியேறும் வாசலுக்கு அடியில் பின்னப்பட்டிருக்கும் ஆக்டின் இழைகள் குலைகின்றன. வாசல் இருக்கிறது, சரக்கும் இருக்கிறது. கடத்தும் அமைப்பு நொறுங்கிக் கிடக்கிறது. 1977இல் லாம்பலும் கெர்னும் எலிகளுக்கு இந்த மிகைத்தூண்டலைக் கொடுத்துப் பார்த்தார்கள். சில மணி நேரத்தில் கணையம் வீங்கியது, அழற்சி வந்தது. இன்றும் உலகின் ஆய்வகங்களில் கணைய அழற்சியை உருவாக்க அதிகம் பயன்படும் முறை இதுதான். சுரப்பு உச்சத்தில் இருக்கும் அளவைக் கொடுத்தால் நோய் வருவதில்லை. சுரப்பு வீழ்ந்த பின் வரும் அளவைக் கொடுத்தால்தான் நோய் வருகிறது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். சுரப்பு நின்றுவிட்டது என்றால், நோயாளியின் ரத்தத்தில் அமைலேஸ் ஏன் மூன்று மடங்கும் அதற்கு மேலும் ஏறுகிறது? அதிகம் சுரந்ததால்தானே? இந்தக் கேள்விதான் பழைய கருத்தை இத்தனை காலம் தாங்கிப் பிடித்தது. ஆனால் அமைலேஸ் போய்ச் சேர வேண்டிய இடம் குடல். அது ரத்தத்தில் இருப்பது, சரியான வாசல் அடைபட்டுத் தவறான பக்கமாகக் கசிந்ததற்கும் செல்கள் சிதைந்து உள்ளிருந்தது வெளியே கொட்டியதற்கும் சாட்சி. பூட்டிய கிடங்கின் பின்சுவர் இடிந்து நெல் தெருவில் சிந்திக் கிடந்தால், அதைக் கிடங்கு நன்றாக விநியோகம் செய்ததற்குக் கணக்காக எழுத முடியாது.

மதுவுக்கு வருவோம். “சாராயம் கணையத்தைத் தூண்டிவிடுகிறது” என்பது ஊரறிந்த வாக்கு. செல்லில் வைத்துச் சோதித்தபோது, எத்தனால் மட்டும், மிக அதிகச் செறிவில் கொடுத்தாலும், கால்சியத்தைப் பெரிதாக அசைக்கவில்லை. அசைத்தது அதன் சந்ததி. எத்தனால் கொழுப்பு அமிலங்களோடு சேர்ந்து கொழுப்பு அமில எத்தில் எஸ்டர்களாக மாறுகிறது. இவை எண்டோபிளாச வலைப்பின்னலின் கால்சியத்தை வெளியேற்றுகின்றன. காலியான சேமிப்பு, செல்லின் வெளிச்சவ்வில் உள்ள ஓராய்-1 என்ற கதவைத் திறக்கச் சொல்லி ஆள் அனுப்புகிறது. வெளியிலிருந்து கால்சியம் பாய்கிறது. அதே நேரத்தில் கொழுப்பு அமிலங்கள் மைட்டோகாண்ட்ரியாவைச் செயலிழக்கச் செய்து ஏடிபியை வற்றவைக்கின்றன. கதவு திறந்திருக்கிறது, இறைப்பவருக்குக் கூலி இல்லை. செல் செத்துப்போகிறது.

2006இல் டேவிட் கிரிடில், பீட்டர்சன், ராபர்ட் சட்டன் உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வில் ஒரு சோதனை, இந்தக் கட்டுரை முழுவதையும் ஒரே காட்சியில் சொல்லிவிடுகிறது. நுண்குழாய் ஒன்றைச் செல்லோடு பொருத்தி, அதன் வழியாக ஏடிபியை நேரே உள்ளே செலுத்தினார்கள். பிறகு அதே நஞ்சைக் கொடுத்தார்கள். ஏடிபி கிடைத்த செல்லில் கால்சியம் ஏறி நிற்கவில்லை. செல் சாகவும் இல்லை. நஞ்சு மாறவில்லை, நொதிகளை யாரும் தொடவில்லை, சுரப்பை யாரும் அடக்கவில்லை. இறைப்பவருக்குக் கூலி கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

பித்தநீரும் இதே வழியில் வருகிறது. பித்த அமிலங்கள் செல்லுக்குள் கால்சியத்தை ஏற்றி ஏடிபியைக் குறைக்கின்றன. இன்னும் வலுவான சாட்சி, குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் அஸ்பாரஜினேஸ் மருந்து. மதுவோ பித்தக்கல்லோ அறியாத அந்தக் குழந்தைகளில் சிலருக்கு, உயிர் காக்கக் கொடுத்த மருந்தே கணைய அழற்சியைக் கொண்டுவருகிறது. கார்டிஃபில் பீட்டர்சன், கெராசிமென்கோ குழுவினர் அங்கும் அதே இரட்டைக் குற்றவாளிகளைக் கண்டார்கள்: இறங்காத கால்சியம், வற்றும் ஏடிபி. கேலக்டோஸ் என்ற எளிய சர்க்கரையைக் கொடுத்துச் செல்லின் ஆற்றலை மீட்டபோது, சுண்டெலிகளில் சேதம் வெகுவாகக் குறைந்தது. மது, பித்தநீர், புற்றுநோய் மருந்து, தவளையின் புரதம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு வழிகள். அவை வந்து சேரும் இடம் ஒன்றே.

மறுதரப்பின் மிக வலுவான ஆயுதத்தை நான் ஒளித்து வைக்கப்போவதில்லை. 1996இல் டேவிட் விட்கோம்ப் குழுவினர், தலைமுறை தலைமுறையாகக் கணைய அழற்சி வரும் குடும்பங்களில், டிரிப்சினின் முன்வடிவான டிரிப்சினோஜனின் மரபணுவிலேயே பிழை இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 2000இல், டிரிப்சினைத் தடுக்கும் ஸ்பிங்க்-1 என்ற காவலரின் மரபணுவில் உள்ள மாற்றமும் தொடர்புடையது என்று தெரிந்தது. தென்னிந்தியாவில், குறிப்பாகக் கேரளத்திலும் தமிழகத்திலும், இளம் வயதிலேயே கற்களோடு வரும் நாள்பட்ட கணைய நோயாளிகளிடமும் இந்த ஸ்பிங்க்-1 மாற்றம் அடிக்கடி காணப்படுகிறது. நொதியே குற்றவாளி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்பார்கள்.

டிரிப்சினுக்குப் பங்கு உண்டு. அதை மறுப்பவர் அறிவியலை மறுப்பவர். ஆனால் மரபுப் பிழை உள்ள அந்தக் குடும்பங்களிலும் டிரிப்சின் தவறான இடத்தில் விழித்துக்கொள்வதே கேடு. அளவில் அதிகம் சுரப்பதாக யாரும் காட்டவில்லை. ஆக, அந்தச் சான்றுகூட மிகைச் சுரப்புக் கருத்துக்கு உதவவில்லை. பிழை இல்லாத கோடிக்கணக்கானோரிடம் அதை எழுப்புவது எது? 2000இல் ராரட்டி உள்ளிட்டோர், மிகைத்தூண்டல் பெற்ற சுண்டெலிச் செல்களில் டிரிப்சினோஜன் விழிப்பதைப் பார்த்தார்கள். வெளியே கால்சியத்தை எடுத்துவிட்டால் அது விழிக்கவில்லை. தூண்டல் அப்படியே இருக்கிறது, நொதியும் இருக்கிறது. கால்சியத்தின் நீடித்த ஏற்றம் மட்டும் இல்லை. டிரிப்சின் தீக்குச்சியாக இருக்கலாம், அதை உரசும் கை கால்சியம். 2011இல் தாவ்ரா, சலூஜா உள்ளிட்டோர் முக்கிய டிரிப்சினோஜன் ஒன்று இல்லாத சுண்டெலிகளை எடுத்துக்கொண்டார்கள். மிகைத்தூண்டலில் செல் அழிவு பாதியளவு குறைந்தது. அழற்சியோ குறையவே இல்லை. டிரிப்சினை அகற்றினாலும் நோயின் பெரும்பகுதி அப்படியே நின்றது.

இதை மருத்துவமனைகள் முன்கூட்டியே நமக்குச் சொல்லியிருந்தன, நாம்தான் கேட்கவில்லை. நொதியே காரணம் என்றால் நொதியைத் தடுத்தால் நோய் தணிய வேண்டும். டிரிப்சினைத் தடுக்கும் அப்ரோட்டினினைப் பிரிட்டனில் 1970களில் பல மருத்துவமனைகள் சேர்ந்து சோதித்தன, இறப்பு குறையவில்லை. சுரப்பு மிகுதியே காரணம் என்றால் சுரப்பை அடக்கினால் நோய் தணிய வேண்டும். குளுக்ககான் கொடுத்தார்கள், பயனில்லை. சுரப்பை நன்றாக அடக்கும் ஆக்ட்ரியோடைடை ஜெர்மனியில் 302 நோயாளிகளிடம் சோதித்து 1999இல் முடிவை வெளியிட்டார்கள், பயனில்லை. மூக்கு வழியாகக் குழாய் போட்டு வயிற்றுநீரை உறிஞ்சினார்கள். சாதாரண நோயாளிகளுக்கு அதனாலும் பயனில்லை. ஒரு கருத்தை நம்பிச் செய்த ஒவ்வொரு சிகிச்சையும் தோற்கும்போது, நோயாளியையும் மருந்தையும் குறைசொல்வதற்கு முன் கருத்தைச் சந்தேகித்திருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் கொடுமை பட்டினி. கணையத்துக்கு ஓய்வு என்ற பெயரில் நாள்கணக்கில் வாயைக் கட்டினோம். ஆற்றல் வற்றிச் சாகும் செல்லுக்கு ஆற்றல் வரும் வழியையே அடைத்தோம். பட்டினியால் குடலின் உட்சுவர் பலவீனமாகிறது, அங்குள்ள கிருமிகள் அழுகிய திசுவுக்குப் போய்ச் சேர வழி ஏற்படுகிறது. இன்றைய வழிகாட்டுதல்கள் திசை மாறிவிட்டன. அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கம் 2018இல், நோயாளியால் முடிந்தால் 24 மணி நேரத்துக்குள் வாய்வழி உணவைத் தொடங்குமாறு பரிந்துரைத்தது. வாயால் சாப்பிட முடியாதவர்களுக்கும் ரத்தக்குழாய் வழியைவிடக் குடல்வழி உணவே மேல் என்றது. கணையம் மிகையாகச் சுரந்துதான் அழிகிறது என்றால், உணவு கொடுத்த நோயாளிகள் மோசமாகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

சரியான கருத்து சரியான கேள்வியைத் தரும். நொதியை எப்படித் தடுப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், கால்சியம் நுழையும் கதவை எப்படி மூடுவது, செல்லுக்கு ஆற்றலை எப்படித் திருப்பித் தருவது என்று கேட்கத் தொடங்கினார்கள். ஓராய்-1 கதவை அடைக்கும் மருந்துப் பொருள் ஒன்று, செல்லின் அழிவைத் தடுக்கிறது என்று 2013இல் கெராசிமென்கோ குழுவினர் காட்டினார்கள். 2015இல் சட்டன் குழுவினர், அத்தகைய மருந்துகள் சுண்டெலிகளின் கணைய அழற்சியைத் தணிப்பதைக் காட்டினார்கள். அந்த வகை மருந்து மனிதர்களிடம் இரண்டாம் கட்டச் சோதனைவரை வந்திருக்கிறது. வெற்றி என்று இன்று யாரும் முழங்கக் கூடாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: இந்த மருந்து மேல்முனைப் பொறிகளை அணைக்கத் தேவையில்லை, உடைந்த கரையை அடைத்தால் போதும், மடை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். கால்சியம் வெறும் பொத்தான் என்று நினைத்தவர்களுக்கு இப்படி ஒரு மருந்து தோன்றியிருக்கவே முடியாது.

இதைப் படித்துவிட்டு யாரும் மருத்துவர் தந்த கால்சியம் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். பாராதைராய்டு கோளாறு போன்றவற்றால் ரத்தத்தில் கால்சியம் மிக அதிகமாவது கணைய அழற்சிக்கு அறியப்பட்ட காரணம்தான். அது மருத்துவர் பரிசோதித்துக் கண்டறிய வேண்டியது. இந்தக் கட்டுரை பேசியது செல்லுக்குள் நானோமோல் கணக்கில் ஏறியிறங்கும் கால்சியத்தை. இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு இந்த நோயே சாட்சி. கடும் கணைய அழற்சியில் செல்லுக்குள் கால்சியம் ஏறிக் கிடக்கும்போது, ரத்தத்தில் அது இறங்குகிறது. கரையும் கொழுப்போடு கால்சியம் சேர்ந்து சோப்புப்போலப் படிவது அதற்கு ஒரு காரணம். ரத்தக் கால்சியம் டெசிலிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குக் கீழே போவதை நோய் கடுமையாவதன் அடையாளமாக ரான்சன் 1974இலேயே பட்டியலில் சேர்த்தார். ஆய்வுக்கூடத் தாளில் குறைவு, செல்லுக்குள் வெள்ளம். “கால்சியம் கூடியதா, குறைந்ததா” என்ற கேள்வியே போதாது. எங்கே என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த அம்புக்குறிப் படத்தை அழிக்க வேண்டாம். இன்னும் ஓர் அம்பைச் சேருங்கள், கீழ்நோக்கி. கால்சியம் எப்படி இறங்குகிறது, அதற்கு எவ்வளவு ஏடிபி செலவாகிறது, அது இறங்காவிட்டால் செல்லுக்கு என்ன ஆகும் என்று அடுத்த ஐந்து நிமிடம் பேசுங்கள். நாளை மருத்துவராகப் போகும் அந்தப் பிள்ளை, வெளியே காத்திருக்கும் குடும்பத்திடம் வேறு மாதிரிப் பேசுவார்.

நோயாளியின் வீட்டாரிடமும் ஒரு சொல். பக்கத்துப் படுக்கைக்காரரையும் இணையத்தையும் நம்பி நோயாளியின் வாயை நீங்களாகக் கட்டாதீர்கள், நீங்களாக ஊட்டவும் வேண்டாம். “எப்போது உணவு தொடங்கலாம்?” என்று மருத்துவரிடம் முதல் நாளே கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, காரணமும் உண்டு. உள்ளே படுத்திருப்பவரின் கணையம் அளவுக்கு மீறி உழைத்ததால் விழவில்லை. உழைப்பதற்கான ஆற்றலை இழந்ததால் விழுந்திருக்கிறது.